குடிக்கிற தண்ணீரில் மீன் ஏன் சாகிறது?

மழைக்காலம் தொடங்கினால் பாலக்காட்டு எல்லை ஊர்களில் ஆஷா ஊழியர்கள் (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள்) வீடு வீடாக வந்து, கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்வார்கள். மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் பரவாமல் இருக்க இது அவசியம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுக்கக் கிணறு கிணறாக நடந்த வேலை இது. அதே கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கப்பி மீனோ, நாலு திலேப்பியாக் குஞ்சோ விட்டு வைத்திருப்பார்கள். மறுநாள் காலையில் வாளியை இறக்கும்போது மீனெல்லாம் மல்லாந்து மிதக்கும். வீட்டுக்காரர்கள் பயந்துபோய், பவுடர் அளவு மிஞ்சிவிட்டதோ, தண்ணீரே விஷமாகிவிட்டதோ என்று கேட்பார்கள்.

பெரும்பாலும் இரண்டும் இல்லை. சரியான அளவில் போட்டாலே மீன் சாகும். மனிதன் தைரியமாகக் குடிக்கும் அளவு குளோரினை மீனின் செவுள் தாங்காது. இதற்கான காரணம் புரிந்தால் பாசிக்குப் போடும் மயில்துத்தம், பண்ணைகளில் கிருமிக்குப் போடும் பிகேசி, ஆலைகளின் கூலிங் டவர் மருந்து என்று தண்ணீரில் போடும் எல்லாவற்றையும் எச்சரிக்கையோடு கையாளலாம்.

தண்ணீரில் கிருமி, பாசி, வழுவழுப்பான சளிப்படலம் இவை வளராமல் தடுக்கப் போடும் மருந்துகளுக்குப் பொதுப்பெயர் உயிர்க்கொல்லி. கிருமியைக் கொல்வதற்கென்றே செய்த பொருள், பக்கத்தில் இருக்கும் மற்ற உயிரைத் தனியாகப் பிரித்துப் பார்த்து விட்டுவிடாது. கிருமியின் உயிரணுச் சவ்வைத் துளைக்கும் பொருள் செவுளின் சவ்வையும் துளைக்கும்.

முதலில் ஒரு கணக்கு

இந்த விஷயத்தில் எல்லா அளவும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் வரும். பிபிஎம் என்று கடைக்காரர் சொல்வதும் தண்ணீரைப் பொறுத்தவரை இதேதான். 1000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்கில் 1 கிராம் கரைத்தால் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் வாய்க்கணக்கில் வந்துவிடும்.

வட்டக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்குங்கள். அளவெல்லாம் மீட்டரில் இருக்க வேண்டும். விட்டம் 3 மீட்டர், நீர் 4 மீட்டர் என்றால் 3 × 3 × 4 × 785 = 28,260 லிட்டர். வழக்கமாகச் சொல்லும் அளவு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். ஆகவே இந்தக் கிணற்றுக்கு ஏறக்குறைய 70 கிராம். நோய் பரவும் காலத்தில் இதையே இரட்டிப்பாக்கி 5 கிராம் என்று போடுவார்கள்.

நல்ல புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும் குளோரின். அப்படியானால் 2.5 கிராம் பவுடர் 1000 லிட்டரில் தருவது லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் குளோரின். நீரில் உள்ள அழுக்கும் இலைச்சாறும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மீதி நிற்பதைத்தான் எஞ்சிய குளோரின் என்கிறோம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500, எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது.

இப்போது மீன் பக்கம் வாருங்கள். நன்னீர் உயிர்களைக் காக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984-க்கான தன் குளோரின் ஆவணத்தில் வகுத்த வரம்பு, ஒரு மணி நேரச் சராசரிக்கு லிட்டருக்கு 0.019 மில்லிகிராம், நான்கு நாள் சராசரிக்கு 0.011. குழாயில் வரும் நல்ல குடிநீரில் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் குளோரினே இந்த முதல் வரம்பைப்போல் பத்து மடங்கு. பவுடர் போட்ட புதிதில் கிணற்றில் இருப்பது நாற்பது மடங்கு வரை போகும்.

செவுளைக் கிட்டத்தில் பார்த்தால்

ஒரு கெண்டை மீனின் செவுள்மூடியைத் தூக்கிப் பாருங்கள். சீப்புப் பற்கள்போலச் சிவந்த இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் இழையின் இருபுறமும் கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய தகடுகள் நெருக்கமாக நிற்கின்றன. அந்தத் தகட்டின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ரத்தம். நடுவில் இருக்கும் தோல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமன்தான். ஆக்சிஜன் அதைக் கடந்து ரத்தத்துக்குப் போக வேண்டும் என்பதால்தான் அவ்வளவு மெல்லிசு.

காற்றில் ஒரு லிட்டருக்கு 270 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம் அளவுதான். அதனால் மீன் இரவும் பகலும் ஓயாமல் ஏராளமான தண்ணீரைச் செவுள் வழியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரில் இருக்கும் நஞ்சு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், அந்த ஓட்டத்தோடு வந்து செவுளில் மோதிக்கொண்டே இருக்கும்.

நாம் குடிக்கும்போது நிலைமை வேறு. ஒரு டம்ளர் தண்ணீரில் இருக்கும் குளோரின் எச்சிலிலும் வயிற்றில் இருக்கும் உணவிலும் பட்டதுமே வேதிமாற்றம் அடைந்து தீர்ந்துபோகிறது. ரத்தத்துக்கு அருகில் அது போவதே இல்லை. மீனுக்கோ ரத்தம் தண்ணீரின் ஓரத்திலேயே ஓடுகிறது.

குளோரின் பட்டதும் செவுள் சளியைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். சளி கூடினால் ஆக்சிஜன் உள்ளே போவது குறையும். பிறகு தகடுகளின் தோல் வீங்கி உரியும். நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைன் ஆகிறது. குளோரமைன் செவுளைத் தாண்டி ரத்தத்துக்குள்ளேயே போய், ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினை வேலைக்கு ஆகாத வடிவத்துக்கு மாற்றிவிடும். அப்போது ரத்தம் பழுப்பு நிறமாகும். மீன் தொட்டியில் எப்போதும் அம்மோனியா இருக்கும், ஏனென்றால் மீன் அதைச் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. ஆகவே குழாய்த் தண்ணியை நேராகத் தொட்டியில் விட்டால் குளோரின் நீர்த்துப்போகும் என்று நம்ப வேண்டாம்; இன்னும் நீண்ட நாள் தங்கும் வடிவத்துக்கு மாறிக்கொள்ளும்.

ஒரே மருந்து, இரண்டு ஊர்த் தண்ணி

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம் கரிசல் மண். போர் தண்ணியில் சுண்ணாம்பும் உப்பும் மிகுதி. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. அங்கிருந்து கொல்லங்கோடு, நெம்மாறை எனப் போனால் நெல்லியாம்பதி மலையடிவாரம். ஓடையில் வருவது மென்மையான தண்ணி. இன்னும் மேற்கே செம்புரைக்கல், அதாவது வெட்டுக்கல் பூமியில் தோண்டிய கிணறுகளில் நீர் மென்மையாக இருப்பதோடு புளிப்பாகவும் இருக்கும். புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஎச் அளவு (7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு) 6.5-க்குக் கீழே போவது அங்கே சகஜம். பாலக்காடு ஒரே மாவட்டம்தான், ஆனால் மீனுக்கு இவை மூன்றும் மூன்று வேறு உலகம்.

குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். மின்னூட்டம் இல்லாததால் உயிரணுச் சவ்வை எளிதாகக் கடக்கும், கிருமியையும் மீனையும் வேகமாகத் தாக்கும். மற்றது ஹைப்போகுளோரைட் அயனி, இது மந்தம். பிஎச் 7.5-இல் இரண்டும் பாதிப்பாதி. 6.5-க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு அமில வடிவம். 8-க்கு ஏறினால் நாலில் ஒரு பங்குதான் அது. வெட்டுக்கல் கிணற்றில் குறைந்த பவுடரே நன்றாக வேலை செய்வதும், மீன் சட்டென்று சாவதும் ஒரே காரணத்தால்தான்.

மயில்துத்தத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கடுமை. குளத்தில் பாசி மிஞ்சினால் போடும் நீலக்கல் இது. எடையில் நாலில் ஒரு பங்கு செம்பு. நன்னீர் மீனின் உடலிலிருந்து உப்பு ஓயாமல் வெளியே கசிந்துகொண்டே இருக்கும், அதைச் செவுள் பம்பு அடிப்பதுபோல உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். செம்பு அந்தப் பம்பை அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் சோடியம் இறங்கி, ரத்தம் கெட்டியாகி, கடைசியில் இதயம் நின்றுபோகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அது செவுளில் செம்பு உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு மீனைக் காக்கும். பைகார்பனேட் இருந்தால், அதாவது காரத்தன்மை இருந்தால், செம்பில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டுவிடும். மென்மையான தண்ணியில் இந்த இரண்டு காவலும் கிடையாது.

மீன்வளர்ப்பில் பின்பற்றும் விதி இதிலிருந்துதான் வருகிறது: மொத்தக் காரத்தன்மையை (இதுவும் லிட்டருக்கு மில்லிகிராமில்) 100-ஆல் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்று கிடைக்கும். காரத்தன்மை 50-க்குக் கீழே இருந்தால் மயில்துத்தத்தைத் தொடவே கூடாது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10 சென்ட் குளம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஆக நீர் ஏறக்குறைய 6,07,000 லிட்டர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காரத்தன்மை 150 இருக்கிறது என்றால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், மொத்தம் 910 கிராம். அங்கே மீன் பிழைத்துக்கொள்ளும். இதைக் கேட்டுவிட்டு, மலையடிவாரத்தில் காரத்தன்மை 20 உள்ள அதே அளவுக் குளத்தில் இன்னொருவர் அதே 910 கிராமைப் போட்டால் பெரும்பாலான மீன் போய்விடும். இருவரும் ஒரே கடையில் ஒரே சரக்கை வாங்கியவர்கள்தான். "பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிலோ போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்பதுபோல ஆபத்தான ஆலோசனை இந்தத் தொழிலில் வேறில்லை.

காரத்தன்மையை வீட்டிலேயே பார்க்கலாம். மீன் தீவனக் கடைகளில் சொட்டு மருந்துக் கிட் கிடைக்கும். குறிப்பிட்ட அளவு நீரில் நிறங்காட்டியைப் போட்டு, நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, சொட்டுகளை எண்ண வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அளவு சரியாக இருந்தாலும் மயில்துத்தத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பாசி முழுவதும் ஒரே நாளில் செத்தால், அது அழுகும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மருந்து போட்ட அன்று மீன் நன்றாக இருந்து, இரண்டு மூன்று நாள் கழித்து விடியற்காலையில் மொத்தமாகச் சாவது இதனால்தான். குளத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் போட்டுவிட்டு ஒரு வாரம் விட்டு அடுத்ததற்குப் போகலாம். வெயில் உள்ள நாளில் காலையில் போடுவது நல்லது. செம்பு எங்கும் போய்விடாது. குளத்தின் அடிச்சேற்றில் ஆண்டாண்டாகச் சேரும்.

பிகேசியும் கூலிங் டவரும்

பென்சால்கோனியம் குளோரைடைப் பண்ணைக்காரர்கள் பிகேசி என்பார்கள். சோப்புபோல நுரைக்கும், நேர்மின்னூட்டம் கொண்ட பொருள். செவுளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் இது போய் அங்கே ஒட்டிக்கொள்கிறது. பல நன்னீர் மீன்களுக்கு லிட்டரில் 1 மில்லிகிராமுக்கும் கீழேயே இது கொல்லும் அளவாகிவிடும். களிமண் துகளும் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் கலங்கிய கரிசல் குளத்தில் பாதி மருந்தை மண்ணே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் நிறைந்து கண்ணாடிபோல் கிடக்கும் பழைய கல்குவாரியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. முழு அளவும் மீனுக்குத்தான்.

பிகேசி 50 சதவீதத்திலும் 80 சதவீதத்திலும் வருகிறது. போன வருடம் 50 சதவீத டப்பாவில் அளந்த அதே மில்லியை இந்த வருடம் 80 சதவீத டப்பாவில் ஊற்றினால் 60 சதவீதம் கூடுதலாகப் போகிறது. லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணை.

கூலிங் டவர் என்பது சூடான நீரைக் காற்றில் தெளித்து ஆற வைக்கும் கோபுரம். ஐஸ் பிளாண்ட், உருக்காலை, பெரிய கட்டடங்களின் ஏசி, எங்கும் இருக்கும். வெதுவெதுப்பான நீர், வெளிச்சம், காற்றில் வரும் தூசி மூன்றும் சேர்ந்தால் சளிப்படலம் வளராமல் இருக்குமா? குளோரினோடு ஐசோதயசோலினோன், குளூட்டரால்டிஹைடு, டிபிஎன்பிஏ, நாற்கூட்டு அம்மோனியம் (பிகேசி இந்த வகைதான்) என மாற்றி மாற்றிப் போடுவார்கள். இதில் ஐசோதயசோலினோன் மீனுக்கு மிகக் கொடியது. சந்தையில் 1.5 சதவீதக் கரைசலாக வருகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைசல் என்று போட்டால், உண்மையான மருந்து 1.5 மில்லிகிராம். சோதனை மீன்களில் பாதியைக் கொல்லும் அளவு 0.2 முதல் 0.3 மில்லிகிராம் வட்டத்தில் இருக்கிறது.

டவரில் நீர் ஆவியாக ஆக உப்புச் செறிவு கூடும் என்பதால் ஒரு பங்கை அவ்வப்போது வெளியேற்றுவார்கள். மருந்து போட்ட கையோடு அந்த வால்வைத் திறந்தால் நஞ்சு நேராக வடிகாலுக்குப் போகும். 50,000 லிட்டர் ஓடும் அமைப்பில் மணிக்கு 1,000 லிட்டர் வெளியேறினால், தானாகச் சிதையாத மருந்து பாதியாகக் குறையவே 35 மணி நேரம் ஆகும். வால்வை மூடி வைத்துச் சிதைய விடுவதுதான் முறை. டிபிஎன்பிஏ காரநீரில் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். ஐசோதயசோலினோனையும் குளூட்டரால்டிஹைடையும் சோடியம் பைசல்பைட்டால் செயலிழக்கச் செய்யலாம். நாற்கூட்டு அம்மோனியத்துக்குப் பென்டோனைட் களிமண்.

1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரம், ஆறு குளங்களில் விடும் கழிவுநீரில் எஞ்சிய குளோரின் 1 மில்லிகிராம் வரையும் செம்பு 3 மில்லிகிராம் வரையும் இருக்கலாம் என்கிறது. அதே பட்டியலில், கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரம் விட்ட மீன்களில் 90 சதவீதம் பிழைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டில் மீன் சோதனைதான் உண்மையைச் சொல்லும். 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நீரில் மீன் நாலு நாள் தாக்குப்பிடிக்காது. ஆலைக்குப் பக்கத்தில் குளம் வைத்திருப்பவர்கள் குளோரின் எண்ணைக் கேட்பதோடு நிற்காமல் மீன் சோதனை முடிவையும் கேட்க வேண்டும்.

மருந்துத் தாள்களில் எல்சி50 என்று ஓர் எண் இருக்கும். சோதனை மீன்களில் பாதி சாகும் அளவு அது, பெரும்பாலும் 96 மணி நேரத்துக்கு. பாதி சாகும் அளவைப் பாதுகாப்பான அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிபுணர்கள் அதைப் பத்தாலோ நூறாலோ வகுத்த பிறகுதான் பாதுகாப்பைப் பற்றியே பேசுவார்கள்.

கையில் செய்ய வேண்டியவை

கிணற்றுக்குப் பவுடர் போடும் முன் மீனை வலையால் அரித்து, பழைய கிணற்று நீர் நிரப்பிய தொட்டியில் விடுங்கள். பவுடரை வாளியில் குழைத்து, முக்கால் வாளி நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கிணற்றின் அடிவரை இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரைப் புழங்கலாம். மீனைத் திரும்ப விடுவது பிறகு; சோதனையில் குளோரின் துளியும் காட்டாத நாளில். ஆழமான நிழல் கிணற்றில் வெயில் படாததால் குளோரின் மெதுவாகத்தான் போகும்.

குழாய்த் தண்ணியை மீன் தொட்டிக்கு எடுப்பதானால் அகலமான தொட்டியில் வெயிலில் ஒன்றிரண்டு நாள் வைத்துக் காற்றடிக்கலாம். அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட் படிகம்: 1 கிராம் குளோரினுக்கு 7 கிராம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 1000 லிட்டருக்கு 7 கிராம் போதும். கடையில் இதை ஹைப்போ என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் ஹைப்போ என்றே சொல்கிறார்கள். ஒன்று குளோரினை முறிப்பது, மற்றது குளோரினேதான். பெயரை முழுதாகச் சொல்லி வாங்குங்கள்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால் நேரத்தைக் கவனியுங்கள். விடியற்காலையில் திணறி, பெரிய மீன் முதலில் செத்தால் ஆக்சிஜன் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டப்பகலில் துள்ளி, சுழன்று, சிறு மீன் முதலில் செத்தால் நஞ்சைச் சந்தேகியுங்கள். எதுவானாலும் முதல் வேலை, உள்ளே வரும் நீரை அடைத்துவிட்டு ஏரேட்டரைப் போடுவது. செத்த மீனைச் சமைக்கவோ விற்கவோ கூடாது. ஆய்வுக்கு அனுப்ப அழுகியவை உதவாது. உயிர் போகும் நிலையில் உள்ளவற்றைப் பிடித்து ஐஸில் வையுங்கள். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் 1 லிட்டர் நீரை வாய்வரை நிரப்பி, அதையும் ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். குளோரினை மட்டும் குளக்கரையிலேயே பார்த்துவிட வேண்டும், ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் மறைந்துவிடும்.

புதிதாக எந்த மருந்தையும் குளத்தில் இறக்கும் முன் ஒரு சோதனை. உங்கள் குளத்து நீரையே 20 லிட்டர் வீதம் இரண்டு பக்கெட்டில் எடுத்து, இரண்டிலும் காற்றுக் குழாய் போட்டு, ஐந்தைந்து குஞ்சுகளை விடுங்கள். ஒன்றில் போடப்போகும் அளவு மருந்து, மற்றதில் ஒன்றும் வேண்டாம். 20 லிட்டருக்கான மருந்து மிகச் சிறிதாக இருக்கும், நேரடியாக நிறுக்க வராது. அதனால் 1 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு மில்லியிலும் 1 மில்லிகிராம் இருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வேண்டுமென்றால், ஊசி மருந்துச் சிரிஞ்சில் 30 மில்லி எடுத்து பக்கெட்டில் விட்டு, ஒரு நாள் முழுவதும் பாருங்கள். மருந்து விட்ட பக்கெட்டில் மட்டும் ஒரு குஞ்சு செத்தாலும், டப்பாவைத் திறக்காமல் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு வாங்கும்போதே பேசி வையுங்கள். சோதனைக்குச் சின்னப் பொட்டலமாகத் தனியாக வாங்கிக்கொண்டால் போதும்.